சுவர் குடித்த தண்ணீர்

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, உயரம் பத்தடி. கதவு, ஜன்னல் இடங்களைக் கழித்தால் நான்கு சுவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 400 சதுர அடி வரும். அதற்கு 12 மில்லிமீட்டர் கனத்தில் சிமென்ட் பூச்சு கொடுக்க ஏறக்குறைய அரைக் கன மீட்டர் சாந்து தேவை. அந்தச் சாந்திலுள்ள தண்ணீரை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தால் நூறு லிட்டருக்கு மேல் தேறும். ஆறேழு குடம் தண்ணீரைக் கொத்தனார் கரண்டியால் அள்ளிச் சுவரில் அப்பியிருக்கிறார் என்று அர்த்தம். பிறகு ஒரு வாரம், காலையும் மாலையும் டியூப் பிடித்து அடிக்கிற தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது.

சிமென்டோடு வேதிவினையில் பிணைந்து சுவரிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும் தண்ணீர் எவ்வளவு? சிமென்டின் எடையில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இந்த அறைக்கு இரண்டரை மூட்டைச் சொச்சம் சிமென்ட் பிடிக்கும். அதற்கு முப்பது லிட்டர் போதும். மீதித் தண்ணீர் முழுவதும் சாந்து கரண்டியில் வழுக்கி வருவதற்காக, செங்கலோடு ஒட்டுவதற்காகச் சேர்த்தது. வேலை முடிந்ததும் அது கிளம்பியாக வேண்டும். கிளம்பும் வழியும் வேகமும் சரியாக அமைந்துவிட்டால் அந்தச் சுவரைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. வெடிப்பு, உப்புப் பூப்பது, பெயிண்ட் தோல் தோலாக உரிவது, கூரையிலிருந்து பூச்சு பெயர்ந்து விழுவது என்று வீட்டுக்காரர் புலம்புகிற எதை எடுத்துத் துருவினாலும் எங்கோ ஓர் இடத்தில் தண்ணீர்க் கணக்கு தப்பியிருக்கும்.

இந்தக் கணக்கைச் சிமென்டுக்கு வெகுகாலம் முன்பே மனிதர்கள் போட்டுப் பழகியிருந்தார்கள், சுண்ணாம்போடு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல்தான். இந்தியாவில் 1904இல் சென்னையில் சிமென்ட் தயாரிக்கும் முயற்சி நடந்தது. 1914இல் போர்பந்தரில்தான் உற்பத்தி கால் ஊன்றியது. அதற்கு முன்பு இங்கே எழுந்த கோயில், கோட்டை, அரண்மனை, மச்சு வீடு எல்லாவற்றுக்கும் மேனி கொடுத்தது சுண்ணாம்பு.

சுண்ணாம்பின் வேதியியல் ஒரு வட்டம். நூறு கிலோ சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் போட்டு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கல்லுக்குப் பதில் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைச் சுட்டாலும் இதே கதைதான், கிடைப்பது இன்னும் வெண்மையாக இருக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். சீற்றம் அடங்கிய பிறகு இருப்பது 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு. அதை மணலோடு அரைத்துச் சுவரில் பூசியதும் வட்டத்தின் கடைசிப் பாதி தொடங்குகிறது. காளவாயில் இழந்த அந்த 44 கிலோ கரியமில வாயுவை அது காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது.

இந்த வாங்கல் தண்ணீர் இல்லாமல் நடக்காது. கரியமில வாயு முதலில் சுவரின் நுண்துளைகளில் இருக்கும் ஈரத்தில் கரைய வேண்டும். சுண்ணாம்பும் அதே ஈரத்தில் கரைய வேண்டும். இரண்டும் அங்கே சந்தித்துத்தான் கல்லாகின்றன. துளைகள் முழுக்கத் தண்ணீர் நின்றால் காற்று உள்ளே நுழைய இடமில்லை. முழுக்கக் காய்ந்துவிட்டால் சந்திப்பதற்கு இடமில்லை. பாதி ஈரம், பாதி காற்று என்ற நிலையில் சுவரை வாரக்கணக்கில் வைத்திருப்பதுதான் சுண்ணாம்புக் கொத்தனாரின் வித்தை. வெயில் படும் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டதும், ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடைவெளி விட்டதும் இதற்காகத்தான்.

இதிலிருந்து தொல்லியலுக்கு ஒரு லாபம் உண்டு. சுண்ணாம்பு பூசிய காலத்தில் வீசிய காற்றின் கார்பன் அந்தப் பூச்சுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. ஆகவே எலும்புக்கும் மரக்கட்டைக்கும் கதிரியக்கக் கார்பன் முறையில் வயது கணிப்பதுபோலச் சாந்துக்கும் கணிக்கலாம் என்று 1960களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மணலோடு பழைய சுண்ணாம்புக் கல் துணுக்கு கலந்திருந்தால் கணக்கு தடுமாறும். அதைப் பிரித்தெடுப்பதில்தான் சிரமம் எல்லாம்.

ரோமானியர்கள் சுண்ணாம்பிடம் பொறுமையாக இருந்தார்கள். கட்டடக்கலை பற்றி எழுதிய விட்ருவியஸ் மணல் சாந்தில் மூன்று பூச்சு, அதன்மேல் சலவைக்கல் பொடி கலந்து மூன்று பூச்சு வேண்டும் என்கிறார். மூன்று ஆண்டுக்குக் குறைவாக ஊறிய சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்ததாகப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதனால்தான் அந்தக் காலத்துச் சுவர்களில் வெடிப்பு இல்லையாம். கேட்டால் பழம்பெருமை போலத் தோன்றும். ஆனால் மின்னணு நுண்ணோக்கி வந்தபிறகு பார்த்தபோது, தண்ணீரில் ஊறக் கிடக்கும் சுண்ணாம்பின் படிகங்கள் மாதங்கள் செல்லச் செல்லச் சிறுத்துத் தட்டைத் தகடுகளாக மாறுவது தெரிந்தது. சிறிய தகடுகள் அதிகத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பூசுவதற்கு வெண்ணெய்ப் பதம் வருவது அதனால்தான்.

வெண்மைக்கும் பளபளப்புக்கும் பேர்போன பூச்சு தமிழகத்துடையது. 1780இல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கிய ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோட்ஜஸ், கடலிலிருந்து பார்த்தபோது ஊரின் வீடுகள் சலவைக்கல்லில் கட்டியவை போல மின்னியதை 1793இல் வெளியான தன் பயண நூலில் வியந்து எழுதினார். கேப்டன் குக்கோடு உலகம் சுற்றிய மனிதர் அவர். சுலபத்தில் மலைக்கிறவர் அல்ல. அவர் கண்டது கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிக் கல்லால் தேய்த்த செங்கல் சுவர்களைத்தான். அதே மரபைச் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் இன்றும் தொட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிட மெல்லியதாக, நைசாக இருக்கும். கடைசிப் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்பை மையாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் குழைத்து, வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். சுவரில் கை வைத்தால் பீங்கானைத் தொட்டதுபோல் சில்லென்று இருக்கும்.

முட்டை எதற்கு, கருப்பட்டி எதற்கு, கடுக்காய்த் தண்ணீர் எதற்கு என்ற கேள்விக்கு நெடுங்காலம் "பெரியவர்கள் போட்டார்கள், நாங்களும் போடுகிறோம்" என்பதே பதிலாக இருந்தது. இப்போது காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. சர்க்கரை கலந்த தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். சாந்து சீக்கிரம் இறுகாமல் கொத்தனாருக்கு நேரம் கொடுக்கும். புரதம் தண்ணீரைப் பிடித்துவைப்பதோடு, உருவாகும் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் நெருக்கிவைக்கும். ஊறிப் புளித்த கடுக்காய், வெல்லக் கரைசல் சுண்ணாம்புச் சாந்தில் என்ன செய்கிறது என்று வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். சீனாவில் இதே வேலைக்கு ஒட்டும் அரிசிக் கஞ்சியைச் சேர்த்தார்கள். அந்தச் சாந்தைச் செஜியாங் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை, கஞ்சியிலுள்ள அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து படிக வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதாகக் கண்டது. முட்டை கிடைத்த ஊரில் முட்டை, கஞ்சி கிடைத்த ஊரில் கஞ்சி. ஆனால் எங்கும் தேடியது ஒன்றைத்தான்: தண்ணீர் மெதுவாக வெளியேற வேண்டும், படிகம் சிறிதாக விளைய வேண்டும்.

சுண்ணாம்பு காயும் நேரத்தைத் தூரிகையால் ஓட்டப்பந்தயமாக மாற்றியவர்கள் ஓவியர்கள். ஈரம் உலராத பூச்சின்மேல் தண்ணீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்டினால், சுவருக்குள்ளிருந்து கரைந்து வெளியே வரும் சுண்ணாம்பு வண்ணத் துகள்களைச் சூழ்ந்து கல்லாகிவிடும். பசை எதுவும் தேவையில்லை. அன்றைக்குப் பூசியதை அன்றைக்கே தீட்டி முடிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட சுற்றுப்பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சையும் வண்ணங்களையும் சோதித்து, அது ஈரச் சுவரில் தீட்டியதுதான் என்ற முடிவுக்கு 1930களில் வந்தார். ஆயிரம் ஆண்டு நின்ற வண்ணத்தை இன்று பெயிண்ட் டப்பாவில் அச்சிடும் உத்தரவாத ஆண்டுகளோடு வைத்துப் பார்க்கத் தோன்றும். அப்படிப் பார்ப்பது நியாயமில்லை. அந்தச் சுவருக்கு மழையும் வெயிலும் தெரியாது, குழந்தைகளின் கிரேயானும் தெரியாது.

இத்தனை அருமையான பொருளைச் சிமென்ட் ஒரே நூற்றாண்டில் வீழ்த்தியது நேரத்தால். சுண்ணாம்பு காற்றுக்காகக் காத்திருக்கும். சிமென்ட் காத்திருக்காது, தண்ணீரோடு நேரடியாக வினைபுரிந்து இறுகும், தண்ணீருக்கு அடியிலேகூட. கலந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு இறுகத் தொடங்கலாம், பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடித்தாக வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சாப்பாட்டுக்கு முன் குழைத்துப் போட்ட கலவையில், சாப்பிட்டு வந்து இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றிப் புரட்டுவது கட்டுமான இடங்களில் அன்றாடக் காட்சி. பாதி கட்டிய படிகப் பாலங்களை உடைத்து, அந்த இடத்தில் தண்ணீரை நிரப்புகிறார்கள். அந்தப் பூச்சை ஒரு வருடம் கழித்து விரல் நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டும்.

நல்ல மேஸ்திரியின் வேலை சாந்து குழைப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தரமான செங்கல்கூடத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தண்ணீர் குடிக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. மூன்று கிலோ செங்கல் என்றால் 600 மில்லி. வறண்ட சுவரில் நேராகப் பூசினால், சிமென்டுக்குச் சேர வேண்டிய தண்ணீரை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் இழுத்துக்கொள்ளும். பூச்சு ஒட்டாமல், தட்டினால் டொப் டொப்பென்று ஒலிக்கும். அதனால் முதல் நாளே சுவரை நனைத்து, மேற்பரப்பு உலர்ந்தபிறகு தொடங்குவார்கள். கான்கிரீட் தூணும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலையை ஆணியடித்து விரிப்பார்கள். இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிகிறவை, அந்தக் கோட்டில் வெடிப்பு நிச்சயம். பிறகு தூக்குக்குண்டு பிடித்துச் சுவரில் ஆங்காங்கே சாந்துப் புள்ளி வைத்து, அந்த மட்டத்துக்குப் பூசி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்ப்பார்கள்.

ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது உட்சுவருக்கு வழக்கமான கலவை. வெளிச்சுவருக்கு நாலு அல்லது ஐந்து. "சிமென்டைத் தாராளமாகப் போடுங்கள், சுவர் வலுவாக இருக்கட்டும்" என்று வீட்டுக்காரர் சொல்வது நல்ல மனசுதான், ஆனால் கெடுதல். சிமென்ட் கூடினால் பூச்சு காயும்போது சுருங்குவதும் கூடும். செங்கல் சுருங்காது, பூச்சு சுருங்கும். நடுவில் மயிர்க்கோடு விழும். கடைசியில் வழவழப்புக்காகச் சிமென்ட் பால் தேய்ப்பது இதன் உச்சம். மேல்தோலில் மட்டும் சிமென்ட் குவிந்து, ஆறு மாதத்தில் சுவர் முழுக்கச் சிலந்தி வலைக் கோடுகள். மணலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆற்று மணல் அரிதாகிவிட்ட இந்தக் காலத்தில் கட்டுவதற்கு எம்-சாண்ட், பூசுவதற்கு அதைவிட நைசான பி-சாண்ட் என்று இரண்டு வகை வந்துவிட்டன. கருங்கல்லை உடைத்துச் சலித்த இதில் தூசி அதிகமிருந்தால் அதுவும் தண்ணீரைக் கேட்கும். கூடுதல் தண்ணீர் கூடுதல் சுருக்கமாகத்தான் திரும்பி வரும்.

பூசி முடித்ததும் ஒரு வாரம் தண்ணீர் அடிக்கச் சொல்கிறார்களே, வெளியேற வேண்டிய தண்ணீரை ஏன் உள்ளே அனுப்ப வேண்டும்? முதல் நாட்களில் சிமென்டுக்குத் தண்ணீர் உணவு. அது தீர்ந்தால் வினை பாதியில் நின்றுவிடும். மேல்பரப்பு சித்திரை வெயிலில் சட்டென்று காய்ந்தால் உள்ளே முப்பது லிட்டர் இருந்தும் பயனில்லை. அதனால் முதல் வாரம் தண்ணீரைப் போகவிடக் கூடாது. அதன்பிறகு அதைத் தடுக்கக் கூடாது. இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கூரையின் கதை தனி. தளம் போடும்போது அடியில் வைக்கும் பலகைக்கும் தகட்டுக்கும் எண்ணெய் தடவுவதால் கான்கிரீட்டின் அடிப்பரப்பு வழவழவென்று இருக்கும். சாந்து அதைப் பிடிக்காது. கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டு, வெறும் ஆறு மில்லிமீட்டர் கனத்தில், சிமென்ட் கொஞ்சம் கூடுதலான கலவையில் பூச வேண்டும். தளம் சமமாக இல்லையென்று கனத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அது தன் எடையாலேயே ஒரு நாள் கீழே வரும்.

கூரைப் பூச்சு விழுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதில் பழைய சுண்ணாம்பு வினையே வேறு வேடத்தில் வருகிறது. புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 12க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்புக் கம்பிமேல் ஒரு காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கும். ஆண்டுக்கணக்கில் கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் ஊர்ந்து, அங்குள்ள சுண்ணாம்பைக் கல்லாக்கிக்கொண்டே போகிறது. சுண்ணாம்புப் பூச்சுக்கு வலுவைத் தந்த அதே வினை இங்கே காரத்தன்மையைக் குறைக்கிறது. பி.எச். 9ஐ ஒட்டி இறங்கியதும் காப்புப் படலம் போய்விடும். மேலே மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கிக் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; கான்கிரீட்டைப் பூச்சோடு சேர்த்துத் தள்ளிவிடும். பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால்கனிக்கு அடியில் கம்பி பல்லிளிப்பது இப்படித்தான். கடலோர ஊர்களில் உப்புத்தண்ணீர் இந்த வேலையை விரைவுபடுத்தும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்று ஐ.எஸ். 456 விதி சொல்வது அதனால்தான். போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் எத்தனை பேர்?

சிமென்டுக்குப் பதில் பூசும் ஜிப்சம் இந்தத் தொல்லைகளில் பாதியைத் தாண்டிப்போகிறது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைப் படிகத்துக்குள்ளேயே கட்டிவைத்திருக்கும் கனிமம் அது. 150 டிகிரி அளவில் வறுத்தால் அதில் முக்கால்வாசித் தண்ணீர் போய்விடும். திரும்பத் தண்ணீர் சேர்த்தால் சில நிமிடங்களில் பழைய படிகமாகிவிடும். சுருங்காது, சற்று விரியக்கூடச் செய்யும். அதனால் வெடிப்பு குறைவு. தண்ணீர் அடித்து ஆற்ற வேண்டியதும் இல்லை. தீப்பிடித்தால் படிகத்திலுள்ள தண்ணீர் ஆவியாகிக் கொஞ்ச நேரம் சூட்டைத் தாங்கும். ஃபால்ஸ் சீலிங் பலகைகள் இதனால்தான் ஆனவை. ஆனால் தண்ணீரில் ஓரளவு கரையும் என்பதால் குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும் ஆகாது. மாடியில் குழாய் கசிந்த வீட்டில் சீலிங் பலகை தொப்பையாகத் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இனி பெயிண்டர் உள்ளே வரலாம். அவர் எப்போது வரலாம் என்பதுதான் கேள்வி. பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் என்று பெயிண்ட் டப்பாக்களே சொல்கின்றன. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்ட வீட்டில் அது பத்து நாளாகச் சுருங்கும். அந்த ஈரச் சுவரின் பி.எச். 12, 13. அதன்மேல் எண்ணெய் சார்ந்த பெயிண்டை அடித்தால், சுவரிலிருந்து வரும் காரம் எண்ணெயோடு சேர்ந்து நிஜமாகவே சோப்பாகிறது. பெயிண்ட் பிசுபிசுத்து, கொப்பளித்து, உரிந்து வரும். தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் இந்த அளவுக்குக் கெடாது என்றாலும், நெருக்கமான படலத்தை உள்ளேயிருந்து ஆவி தள்ளிக்கொண்டுதான் இருக்கும். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து என்று எத்தனை அடுக்கு கவனமாக வைத்தாலும், அடியில் ஈரமிருந்தால் அத்தனை அடுக்கும் சேர்ந்தே பெயரும். பட்டி பெயிண்டைவிட வலுவாகவும் சுவரைவிட மென்மையாகவும் இருக்க வேண்டும். கனமாக இழைத்தால் அதுவே புதுத் தொல்லை.

சுண்ணாம்பு அடித்த சுவரை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விந்தை தெரிந்திருக்கும். நார்மட்டையால் அடிக்கும்போது சுவர் வெளுத்தே தெரியாது. காயக் காயத்தான் பளிச்சென்று வரும். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு சிதறும். சுண்ணாம்புத் துகளுக்கு அந்த எண் ஏறத்தாழ 1.6, தண்ணீருக்கு 1.33, வித்தியாசம் கொஞ்சம். தண்ணீர் போய் அங்கே காற்று வந்ததும் எண் 1. வித்தியாசம் கூடுகிறது, ஒளி எல்லாப் பக்கமும் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. மழையில் நனைந்த வெள்ளைச் சுவர் மறுபடி மங்குவதும் இதனால்தான்.

எமல்ஷனில் இந்தத் தந்திரம் பலிக்காது. மயிரிழையின் தடிமனில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்கே உள்ள பிசின் உருண்டைகள் தண்ணீரில் மிதப்பதுதான் எமல்ஷன். தண்ணீர் ஆவியாக ஆவியாக உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகும். ஒருமுறை கலந்தபின் எவ்வளவு தண்ணீர் பட்டாலும் பிரியாது. துகள்களைச் சூழ்ந்திருப்பது காற்றல்ல, பிசின். அதன் எண் 1.5. சுண்ணாம்பு அதற்குள் கண்ணுக்கே தெரியாமல் கரைந்துபோகும். ஆகவே 2.7 எண் கொண்ட டைட்டானியம் டை ஆக்சைடு வேண்டியிருக்கிறது. வண்ணப்பூச்சுக்காக அதை 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதன் தாதுவான இல்மனைட் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் கிடைக்கிறது. அதிலிருந்து எடுக்கும் வெண்பொடி கரிய மணலிலிருந்து வந்தது என்றால் நம்பக் கஷ்டம். விலை மலிந்த டிஸ்டெம்பரில் இந்த வெண்பொடி குறைவு. பிசினையும் குறைத்து, துகள்களுக்கிடையே காற்றை விட்டுச் சுண்ணாம்பின் பழைய தந்திரத்தையே அதைத் தயாரிப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஈரத்துணி பட்டால் டிஸ்டெம்பர் சுவர் கறுப்பதைப் பார்த்தால் போதும்.

டைட்டானியத்துக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது ஈய வெள்ளை. வெயிலில் பொடிந்த வராண்டாக் கம்பிப் பெயிண்ட் குழந்தைகளின் கையில் ஒட்டி வாய்க்குப் போவதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904இலேயே எழுதிவிட்டார். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978இல். இந்தியாவில் 90 பி.பி.எம். என்ற உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஜன்னல், கதவு, கம்பிகளை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்பதைவிட நனைத்துத் தேய்ப்பது நல்லது. தண்ணீர் உதவிக்கு வரும் அரிய இடங்களில் இது ஒன்று.

சுவருக்குள் போன தண்ணீர் வெளியேறிவிட்டது என்று நினைத்தபிறகு திரும்பி வருவதுதான் ஓதம். மண்ணிலிருந்து நுண்துளை வழியாக மேலேறி, ஆவியாகும் வேகமும் ஏறும் வேகமும் சமமாகும் உயரத்தில், பெரும்பாலும் இடுப்பளவில் நிற்கும். தண்ணீர் போய்விடும், அது சுமந்து வந்த உப்பு அங்கேயே தங்கும். சோடியம் சல்பேட் போன்ற உப்பு ஈரக்காற்றில் தண்ணீரை ஏற்றுக் கொள்ளும்போது நாலு மடங்கு பருமனாகும். பூச்சைத் துளைக்குள்ளிருந்து பிளந்து பொரியவைக்கும். ஓதமேறிய பழைய சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசுவது நம் ஊரில் எல்லோரும் செய்கிற வைத்தியம். ஆவி போக வழியில்லாமல் ஓதம் இன்னும் உயரம் ஏறுகிறது, உப்பு செங்கலையே தின்கிறது. சிமென்ட் பட்டை மட்டும் திடமாக நிற்கும், பின்னால் செங்கல் மாவாகியிருக்கும். புதுச்சேரியின் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் இன்டாக் அமைப்பினர் சுண்ணாம்புப் பூச்சுக்கே திரும்புவதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமல்ல.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சுவர்கள் நாள்கணக்கில் ஊறின. நனைந்த சுவர் மாதத்துக்கு 25 மில்லிமீட்டர் ஆழம் காயும் என்று பிரிட்டனில் ஒரு பழைய உத்தேசக் கணக்கு உண்டு. ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் காய்ந்தால்கூட நாலரை மாதம். சென்னை வெயிலுக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுக்கலாம், ஆனாலும் பொங்கலுக்குள் காய வாய்ப்பில்லை. காய்ந்துவிட்டதா என்று கையால் தடவிப் பார்ப்பது ஏமாற்றும். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஓர் இரவு விட்டுக் காலையில் பிரித்துப் பார்க்கலாம். தாளின் அறைப் பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்துவைத்தால் தீரும். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் பெயிண்டரை அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டு, மறுபடி ஒரு தாளை ஒட்ட வேண்டியதுதான்.